சட்டகத்துக்குள் அடங்காத வால்

ஜொகூர் மாநிலத்தில் எடுக்கப்படும் பறவைப் படங்களை மூன்று பெருவகைகளுள் அடக்கலாம். முதலாவது இலைப்படம்; அதில் பறவையும் இருப்பதாகப் படமெடுத்தவர் உறுதி கூறுவதோடு, ஐயப்படுவோரின் பொருட்டுச் சிவப்பு வட்டம் ஒன்றும் போட்டுத் தருவார். இரண்டாவது கடப்பிதழ்ப் படம். அதில் பறவை, குடிநுழைவு அதிகாரியின் முன் நிறுத்தப்பட்டதைப் போலச் சட்டகத்தின் நட்டநடுவில் அசையாமல் அமர்ந்திருக்கும். மூன்றாவது விடைபெறும் படம். அதில் பறவையின் வாலும் பின்புறமும் மட்டுமே மிகத் துல்லியமாகப் பதிவாகியிருக்கும். புறமுதுகு காட்டுவதை இழிவாகக் கருதிய மரபில் வந்தவர்களே இம்மூன்றாம் வகையை வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வெளியிட்டு, "அருமை ஐயா" என்ற பாராட்டையும் பெற்றுவருகின்றனர் என்பது ஆய்வுக்குரிய செய்தியாகும்.

இவ்வகைகள் தோன்றும் காரணத்தை அறியுமுன் மூன்று சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். படத்தின் நான்கு ஓரங்களும் சேர்ந்து வகுக்கும் எல்லை சட்டகம் எனப்படும். அந்த எல்லைக்குள் எதை எங்கே வைப்பது, எதை வெளியே நிறுத்துவது என்ற தீர்மானம் காட்சியமைப்பு எனப்படும். படம் எடுத்து முடிந்தபின் கணினியிலோ கைப்பேசியிலோ ஓரங்களை வெட்டிச் சட்டகத்தைச் சுருக்குவது கிராப் செய்தல் எனப்படும். முதலிரண்டும் காட்டில் கொசுக்கடிக்கிடையே நடைபெறுபவை. மூன்றாவதோ மின்விசிறியின் கீழ்த் தே தாரிக் அருந்தியவாறு நடைபெறுவது. எனவே, முன்னவற்றின் பொறுப்பை எல்லாம் பின்னதன் தலையில் கட்டிவிடும் வழக்கம் இப்படக்காரர்களிடையே வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் கிராப் என்பது கழித்தல் கணக்கு. வேண்டாததை நீக்க அது உதவுமே தவிர, எடுக்கும்போது இல்லாத எதையும் அது கொண்டுவந்து சேர்க்காது.

கணக்கு என்று வந்துவிட்டதால் அதைப் போட்டே பார்த்துவிடலாம். ஜொகூர் பாருவின் வீட்டுத் தோட்டங்களில் செம்பருத்திப் பூவைச் சுற்றித் திரியும் தேன்சிட்டு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுடையது. 400 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய கேமராவுடன் அதனை 20 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், கேமராவினுள் ஒளியைப் பதிவு செய்யும் தகடாகிய உணரியின்மீது விழும் பறவையின் நீளம் 2.4 மில்லிமீட்டர் மட்டுமே. முழுச்சட்டக உணரியின் அகலம் 36 மில்லிமீட்டர் என்பதால், பறவை படத்தின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கைப் பிடிக்கும். பிக்சல் எனப்படும் படப்புள்ளிகள் அகலவாக்கில் 6,000, உயரவாக்கில் 4,000 என அமைந்த 24 மெகாபிக்சல் கேமராவில், பறவைக்குக் கிடைப்பது அலகு முதல் வால்வரை 400 புள்ளிகள்.

இப்பறவை படத்தின் பாதி அகலத்தையாவது நிரப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிராப் செய்வோர், 800-க்கு 533 என்ற அளவுள்ள துண்டை வைத்துக்கொண்டு மற்றதை வீச வேண்டும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளில் சுமார் 4 லட்சத்து 26 ஆயிரம் தேறும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு குப்பைக்குப் போகும். அதே மனிதர் பத்து மீட்டர் முன்னேறியிருந்தால், பறவையின் நீளம் 800 புள்ளிகளாகவும், அதன்மீது விழும் மொத்தப் புள்ளிகள் நான்கு மடங்காகவும் உயர்ந்திருக்கும். தூரம் பாதியானால் விவரம் நான்கு மடங்கு என்ற இவ்விதி எவ்வித மென்பொருளுக்கும் கட்டுப்படாதது. 400 புள்ளிப் பறவையைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் பெரிதாக்கிக் கூர்மைப்படுத்துவோரும் உளர். அம்மென்பொருள் காணாத இறகுகளைத் தானே கற்பித்து வரைந்துவிடுவதால், பறவையியல் நூல்கள் எவற்றிலும் இடம்பெறாத புதிய சிற்றினங்கள் சில ஜொகூரில் மட்டும் வாரந்தோறும் கண்டெடுக்கப்படுகின்றன.

இச்சிக்கலுக்கு நீண்ட லென்ஸே தீர்வு என்பது பரவலான நம்பிக்கை. 600 மில்லிமீட்டர் எஃப்/4 லென்ஸ் ஒன்றின் விலை புதிய மைவி காரின் விலையை எட்டிவிடுகிறது என்பதும், அதனை வாங்கியவர் வீட்டாரிடம் அதன் உண்மை விலையில் கால்பங்கையே தெரிவிக்கிறார் என்பதும் இத்துறையில் அனைவரும் அறிந்தவை. ஆயினும் 400-இலிருந்து 600-க்கு மாறுவதால் பறவை ஒன்றரை மடங்கே பெரிதாகிறது. 20 மீட்டர் தொலைவிலிருந்து ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக முன்னேறினாலும் அதே பயன் காசின்றிக் கிட்டும். சென்னையில் வாழ்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே ஒன்றுசேர்த்து அமைத்த கேமராவைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். விலங்கின் நடத்தையை அறிந்து அருகே செல்லும் பொறுமையே அவருடைய உண்மையான லென்ஸாக இருந்தது. ஆண்டுக்கொரு லென்ஸ் மாற்றுவோர் அவருடைய படங்களைப் பார்க்காமலிருப்பது அவர்களுடைய மன அமைதிக்கு நல்லது.

அருகே செல்வது எளிதென்று இதனால் பொருள்படாது. கோத்தா திங்கிக்கு அப்பால் மெர்சிங் சாலையை ஒட்டிய பந்திக் காடு, தாழ்நிலக் காட்டுப் பறவைகளைத் தேடுவோர் பல நாடுகளிலிருந்தும் வந்துசேரும் இடம். பந்திக்கு முந்த வேண்டும் என்ற பழமொழியை இடப்பெயராகவே எடுத்துக்கொண்ட உள்ளூர்ப் படக்காரர்கள், விடியுமுன்னரே அங்கே போய் நிற்கின்றனர். அங்குள்ள பறவைகள் விலகி ஓடினாலும் அட்டைகள் ஓடுவதில்லை. மனிதரை நெருங்கும் கலையில் அவற்றுக்கு நிகரான உயிரினம் அக்காட்டில் இல்லை. பறவையை நெருங்குவதற்கு அட்டையின் முறையையே பின்பற்றுதல் தகும்: மெதுவாக வர வேண்டும், நேர்க்கோட்டில் வரக் கூடாது, வந்தது தெரியாமல் வர வேண்டும்.

1892-இல் முட்டைகளுடன் கூடிய பறவைக்கூட்டை முதன்முதலில் படமெடுத்தவர்களாகப் போற்றப்படும் இங்கிலாந்தின் ரிச்சர்டு, செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள், பறவைகள் அஞ்சாதிருக்கும் பொருட்டுப் பாடம் செய்த மாட்டின் வயிற்றுக்குள் புகுந்து நின்றதும் உண்டு. ஜொகூரில் அந்த மாட்டின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டுள்ளது. மனிதனைக் கண்டால் பறக்கும் பறவை காரைக் கண்டு பறப்பதில்லை என்பதால், காட்டுச் சாலையோரம் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி லென்ஸை நீட்டுவோர் நல்ல படங்களைப் பெறுகின்றனர். "இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமே" என்று கதவைத் திறப்போர் மேற்குறித்த விடைபெறும் படத்தைப் பெறுகின்றனர்.

பறவை போதிய அளவு பெரிதாகக் கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். அதனைச் சட்டகத்தில் எங்கே அமர்த்துவது என்பது அடுத்த வினா. கேமராவின் குவிப்புப் புள்ளி, அதாவது தெளிவு பெற வேண்டிய இடத்தைக் குறிக்கும் சிறு சதுரம், பெரும்பாலும் நடுவில் இருப்பதால் பறவையும் நடுவில் அகப்படுகிறது. கடப்பிதழ்ப் படத்தின் தோற்றம் இதுவே. இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் மூன்றிலொரு பங்கு விதியை, 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கில ஓவியர் நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றிய தமது நூலில் பெயரிட்டு எழுதினார். சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மும்மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடங்களுள் ஒன்றின் அருகே முதன்மைப் பொருளை வைப்பது என்று அது இன்று விளக்கப்படுகிறது. அவர் நிலக்காட்சியை மனத்தில் கொண்டு எழுதினார் என்பதையும், நிலம் பறந்துபோவதில்லை என்பதையும் நினைவிற்கொண்டு, விதியை விதியளவில் மதித்தால் போதும்.

விதியைவிட அதன் காரணமே முதன்மையானது. பறவையின் அலகு எத்திசையில் நீள்கிறதோ அத்திசையில் வெற்றிடம் விட வேண்டும். இதனை நோக்குவெளி எனலாம். மீன்கொத்தி நீரை நோக்கினால் பார்ப்பவரின் கண்ணும் அங்கே செல்லும். அங்கே சட்டகத்தின் சுவர் எழுந்து நின்றால், பறவை சுவரில் முட்டிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். கிராப் செய்யும்போது, முன்புற வெளியைக் காலியிடம் என்று கருதி நறுக்கிவிட்டு, பின்புறம் வாலுக்கு அப்பாலுள்ள புதரைப் பத்திரமாகப் பாதுகாப்போர் பலர். அப்புதரில் எதுவும் இல்லை என்பதை அவர்களும் அறிவர். ஆயினும் எடுத்ததை விட மனம் வருவதில்லை.

இவ்விடத்தில் துடுப்புவால் கரிச்சானைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. ஜொகூர்க் காடுகளில் சாதாரணமாகக் காணப்படும் இக்கரிய பறவையின் வாலிலிருந்து இரண்டு மெல்லிய நரம்புகள் நீண்டு, அவற்றின் நுனியில் மட்டும் துடுப்பைப் போன்ற இறகுத் துண்டுகள் தொங்கும். நரம்புகள் தூரத்தில் கண்ணுக்குத் தெரியா; எனவே பறவை பறக்கும்போது இரு கருவண்டுகள் அதனைத் துரத்துவதாகத் தோன்றும். படமெடுப்பவர் தலையையும் உடலையும் சட்டகத்துக்குள் நிறைவாக அடக்கி, கண்ணைத் துல்லியமாகக் குவித்து, நூறு படங்களை ஒரே மூச்சில் சுட்டுத் தள்ளியபின், வீட்டில் பெரிய திரையில் பார்க்கும்போது துடுப்புகள் இரண்டும் எல்லைக்கு வெளியே இருப்பது புலனாகும். துடுப்பில்லாத துடுப்புவால் கரிச்சான் வெறும் கரிச்சானே. அதனை மீட்கும் கிராப் எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. வெளியை விரித்து வாலை வரைந்து தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அவ்வாறு முளைத்த வாலுடன் போட்டிக்குச் செல்வோர், நடுவர்கள் மூலக் கோப்பைக் கேட்கும் வேளையில் கரிச்சானைக் காட்டிலும் வேகமாக மறைய நேரிடும்.

ஆகவே எடுக்கும்போது தளர்வாக எடுத்து, வெட்டும்போது நிதானமாக வெட்டுவதே முறை. வெட்டுவதற்கும் ஒரு துணிவு தேவை. வால் நுனியில் ஒரு விரற்கடை, கால் நகத்தில் ஒரு கீற்று என்று நறுக்கினால் அது கைத்தவறாகவே தெரியும். மாறாக, இருவாச்சியின் தலை, கொண்டை, அலகு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மார்போடு வெட்டிவிட்டால் அது முகப்படம் என்று மதிக்கப்படும். முழுதாக விடுவதும் முற்றாக வெட்டுவதும் கலை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது விபத்து.

காட்சியமைப்பில் மிகுதியும் புறக்கணிக்கப்படும் உறுப்பு முழங்கால் ஆகும். பறவையின் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது, பறவைக்குப் பின்னுள்ள பரப்பு வெகுதொலைவுக்கு விலகி மங்கலாகிவிடுகிறது. குவிப்புப் பெற்ற பறவை மட்டும் தெளிந்து நிற்கிறது. உயரத்திலிருந்து குனிந்து எடுத்தால், பறவையின் பின்னணி அதன் காலடி மண்ணே. பறவையும் மண்ணும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால் இரண்டும் சமமாகத் தெளிவடையும். ஆசிய நிலப்பரப்பின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாயில் இதனை நேரில் காணலாம். அருகிலுள்ள குக்குப் தீவு, சுங்கை பூலாய் ஆகியவற்றுடன் 2003-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்புக்காட்டில் பார்வையாளர் நடப்பதற்குச் சேற்றுக்கு மேலே நடைபாலங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பாலத்தின்மீது நின்று கீழே நோக்கி எடுக்கும் கொக்குகள், சேற்றில் கழுவாமல் விட்ட கறைகளைப் போலப் பதிவாகின்றன. அதே பாலத்தில் பலகையோடு பலகையாகக் கவிழ்ந்து படுத்து, சற்றுத் தொலைவிலுள்ள கொக்கைக் குறிவைப்பவருக்குக் கோணம் தாழ்ந்து பின்னணி அகன்றுவிடும். அவ்வாறு படுத்திருப்பவரின் பையிலிருந்து நெடுவால் குரங்குகள் ரொட்டியை எடுத்துச் செல்வது காட்சியமைப்பு இலக்கணத்தில் சேராததால், அதற்கான தீர்வை இங்கு ஆராய இடமில்லை.

ஒளியும் காட்சியமைப்பின் பகுதியே. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் இருப்பதால், அங்கே கதிரவன் சாய்ந்தேறாமல் செங்குத்தாகவே ஏறுகிறது. உதித்த ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 15 பாகை உயரத்தை எட்டிவிடுகிறது. மேலை நாட்டுக் கையேடுகள் விரிவாகப் பேசும் பொன்னொளி நேரம், இங்கே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் கடந்துபோகும். போதாக்குறைக்கு, 1982 சனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளப்பட்டதால், விடிவது ஏழு மணியளவிலும் உச்சிவேளை ஒரு மணியைச் சற்றுத் தாண்டியும் நிகழ்கின்றன. பறவைகளுக்கு இது குறித்துச் சுற்றறிக்கை எதுவும் அனுப்பப்படவில்லை. அவை பழைய நேரப்படியே எழுந்து, படக்காரர் பத்து மணிக்குக் காட்டை அடையும்போது இலைகளின் நிழலுக்குள் ஒதுங்கிவிடுகின்றன. இலைப்படத்தின் தோற்றத்தை இதனின்றும் உய்த்துணரலாம்.

இத்தனையையும் பந்திக் காட்டில் போய்க் கற்கத் தொடங்குவது வீண்செலவு. மாநிலமெங்கும் மாமாக் கடை வாசல்களில் காத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் உண்டு, அவர் காகம். 1890-களில் காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்கு வரவழைக்கப்பட்ட வீட்டுக்காகம், காப்பி போன பின்னும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டது. தோட்ட வேலைக்கு வந்து இம்மண்ணிலேயே நிலைத்த வரலாறு தமிழர்க்குப் புதியதன்று. அதற்கு இளையவராகிய ஜாவா மைனா 1920-களில் சிங்கப்பூரில் கால்வைத்து, பின்னர் ஜொகூருக்குள் பரவியது. 1924-இல் திறக்கப்பட்ட இணைப்புப் பாலத்தில் மனிதர்கள் கடப்பிதழுடன் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க, அது இன்றும் தலைக்குமேல் முத்திரையின்றிச் சென்றுவருகிறது.

காகத்தை நன்றாக எடுக்கத் தெரிந்தவருக்கு எடுக்க முடியாத பறவை அரிது. கறுப்பு முகத்தில் கருவிழி இருப்பதால், விழியில் ஒளிப்பொட்டு விழும் கோணத்தைத் தேடிப் படக்காரர் நகர்ந்தே ஆக வேண்டும். அந்த வெண்பொட்டு இல்லையெனில் பறவைக்கு உயிரில்லை. கறுப்பை மிகுதியாகக் கண்ட கேமரா அதனைச் சாம்பலாக்க முயன்று படத்தை வெளிறச் செய்வதால், ஒளியளவைக் கையால் குறைக்கக் கற்க வேண்டும். தலையைச் சற்றே கேமரா பக்கம் திருப்பும் கணத்திற்காகக் காத்திருக்க வேண்டும். ரொட்டி சானாய் மேசைக்கு வரும் தருணத்தில் அது தவறாமல் திரும்பும். நகராண்மைக் கழகங்கள் அவ்வப்போது காகங்களைச் சுட்டுக் குறைப்பதுண்டாதலால், நீண்ட குழலைத் தம்மை நோக்கி நீட்டுவோரை அவை ஐயத்துடன் நோக்குவது இயல்பே. அந்த ஐயத்தை வென்று நெருங்கத் தெரிந்தவர் பந்திக்குப் புறப்படலாம்.

இனி வெட்டும் வடிவத்தைப் பற்றி ஒரு சொல். 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவில் ஆஸ்கர் பார்னாக் அமைத்த 36-க்கு 24 என்ற படச்சட்டம் இன்றும் பெரும்பாலான கேமராக்களின் வடிவத்தை ஆள்கிறது. படத்தைக் காண்போரின் கைப்பேசியோ நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஆகவே கிடையாகப் பறக்கும் பருந்தை நிலைப்பதிவுக்காக நெட்டுக்குத்தாக வெட்டுவோர், இரு சிறகுகளையும் கழித்து நடுவுடலைக் காணிக்கையாக்குகின்றனர். முகப்பு வட்டத்தில் இருவாச்சியை வைப்போரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அலகே அடையாளமான பறவையின் அலகு வட்டத்துக்கு வெளியே போய்விட, எஞ்சுவது காண்போரைக் குழப்பத்துடன் நோக்கும் ஒரு கண் மட்டுமே. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துப் படியை வெட்டுவது இத்தகைய ஆசைகளிலிருந்து பறவையைக் காக்கும்.

இதுவரை கிராப்பைக் குறைகூறியே வந்த இக்கட்டுரை, அது பெருமைக்குரியதாகும் ஓரிடத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சிறு பிளவின் வழியே ஆண் ஊட்டும் இரையை நம்பியே தாயும் குஞ்சும் வாழும். மரத்தடியில் முக்காலிகள் வரிசைகட்டி நின்றால் ஆண்பறவை அஞ்சி விலகும். விலகினால் உள்ளே பட்டினி. செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்தப் பெட்டி வைத்து வளர்க்கப்படும் கூகைகளுக்கும் இதே மரியாதை உரியது. மரியாதை தவறுவோருக்குப் பறவைகளும் சில வேளைகளில் விடையளிப்பதுண்டு. பறவைப் படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான எரிக் ஹோஸ்கிங், 1937-இல் ஆந்தைக் கூடு ஒன்றை நெருங்கியபோது தாக்கப்பட்டுத் தம் இடக்கண்ணை இழந்தார். அதன்பின்னும் பல்லாண்டுகள் பறவைகளையே படமெடுத்த அவர், 1970-இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு 'ஆன் ஐ ஃபார் எ பேர்ட்' என்று பெயரிட்டார். தம் இழப்பையே தலைப்பாக்கிச் சிரிக்க வைத்த அவர் இக்கட்டுரைக்கும் முன்னோடியாவார். எனவே கூடு கண்ட இடத்தில் முன்னேறும் விதி செல்லாது. அங்கே எட்டத்தில் நின்று, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கை வெட்டி வீசி, மங்கலாகக் கிடைத்ததை மகிழ்ச்சியுடன் வைத்துக்கொள்வதே முறை. சோம்பலால் விளைந்த கிராப்புக்கும் நாகரிகத்தால் விளைந்த கிராப்புக்கும் படத்தில் வேறுபாடு தெரியாது. பொந்துக்குள்ளிருக்கும் குஞ்சுக்குத் தெரியும்.

படம் தேறியதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதனைக் குழுவில் வெளியிட்டவுடன் முதலில் வரும் வினா "பறவை எங்கே?" என்பதாயின், எவ்வளவு வெட்டினாலும் பயனில்லை, மறுநாள் முழங்காலுடன் திரும்பிச் செல்ல வேண்டும். வினா "எங்கே எடுத்தீர்கள்?" என்பதாயின் படம் வென்றுவிட்டது. அதற்கு, குறிப்பாகக் கூட்டின் படமாயின், 19,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்துள்ள நிலப்பரப்பை மனத்தில் கொண்டு, "ஜொகூரில்" என்று விடையளித்தல் சாலச் சிறந்தது.